பொலன்னறுவையைச் சைக்கிளில் சுற்ற: செருப்பைக் கழற்றும் இடங்களை வைத்துப் போட்ட ஒரு நாள் திட்டம்

மட்டக்களப்பிலிருந்து உறவுக்காரர்களையும் நண்பர்களையும் பல தடவை இலங்கையின் பழைய தலைநகரான பொலன்னறுவைக்குக் கூட்டிப் போய்ச் சைக்கிளில் சுற்றிக் காட்டியிருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் களைத்து விழுகிறார்கள்: பாறையில் செதுக்கிய புத்தர் சிலைகள் இருக்கும் கல் விகாரையில், உச்சி வெயிலில், வெறுங்காலோடு.

காரணம், அவர்கள் போகும் வரிசை. அருங்காட்சியகம், அரண்மனை, தளதா மலுவ என்ற கோயில் முற்றம் என்று வரைபடத்தில் இருக்கிறபடியே தெற்கிலிருந்து வடக்கே போகிறார்கள். செருப்போடு நடக்கக்கூடிய இடங்களில் குளிர்ந்த காலை நேரம் கரைந்துவிடுகிறது. செருப்பைக் கழற்றியே ஆகவேண்டிய கல் தளங்களுக்குப் போய்ச் சேரும்போது கல் அடுப்பாகக் காய்ந்திருக்கும்.

வெறுங்கால் இடங்கள் காலையில், செருப்புக்கால் இடங்கள் மதியத்தில். கீழே உள்ள வரிசை முழுவதும் இதை வைத்துப் போட்டதுதான்.

1. எந்த மாதம், எந்த நாள்

வடகீழ்ப் பருவமழை ஒக்டோபர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை இழுக்கும். அந்த நாட்களில் உள்ளே இருக்கும் செம்மண் பாதைகள் சேறாகி, மட்காட்டுக்குள் மண் அப்பிக்கொள்ளும். மே முதல் செப்டெம்பர் வரை மழைப் பயம் குறைவு. ஆனால் வெயிலும் காற்றும் கடுமை. பெப்ரவரி, மார்ச் இரண்டும் நடுவாக இருக்கும் என்பது என் அனுபவம்.

போயா தினம், அதாவது பௌர்ணமி நாள், விடுமுறை. வெள்ளை உடுத்திய யாத்திரிகர்கள் குடும்பம் குடும்பமாக வருவார்கள். அது பார்க்க அழகான காட்சிதான். ஆனாலும் முதல் தடவை வருகிறவர் வேறு நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பஸ்களும் வேன்களும் நிறைந்த ஒடுங்கிய பாதையில் சைக்கிள் ஓட்டுவது சிரமம்.

2. எங்கே இறங்குவது

இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. பொலன்னறுவை ரயில் நிலையம் இருப்பது கதுருவெலயில். இடிபாடுகளும் குளமும் இருக்கும் பழைய நகரம் அங்கிருந்து மேற்கே சுமார் 4 கிலோமீட்டர். கொழும்பு, கண்டி, ஹபரணை பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் பழைய நகரத்தைத் தாண்டித்தான் கதுருவெலவுக்குப் போவார்கள். அதனால் நடத்துநரிடம் முன்கூட்டியே சொல்லிப் பழைய நகரத்திலேயே இறங்கிவிடுங்கள். மட்டக்களப்புப் பக்கமிருந்து வந்தால் கதுருவெலதான் முதலில் வரும். அங்கிருந்து உள்ளூர் பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்கலாம். கதுருவெல கடைத்தெருவில் தமிழ் பேசுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், வழி கேட்பதில் கஷ்டமில்லை.

தங்குவது பழைய நகரத்தில்தான். காலை ஏழு மணிக்கு வாயிலில் நிற்க வேண்டும். கதுருவெலயில் தங்கினால் லொறிகள் ஓடும் பெரிய வீதியில் 4 கிலோமீட்டர் மிதித்த பிறகுதான் நாளே தொடங்கும்.

3. முதல் நாள் மாலையே சைக்கிளை எடுத்துவிடுங்கள்

பழைய நகரத்தின் விருந்தினர் விடுதிகள் பலவற்றில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். காலையில் எடுக்கலாம் என்று விட்டால், நல்ல சைக்கிள்கள் போய்விடும். பழுது தெரிந்தாலும் மாற்ற நேரமிருக்காது. மாலையில் எடுத்தால் ஓட்டிப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் மாற்றலாம்.

எடுக்கும்போது நான் இந்த வரிசையில்தான் பார்ப்பேன்.

முதலில் பிரேக். இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னே தள்ளுங்கள். சக்கரம் உருண்டால் வேண்டாம். ஊர் தட்டைதான், மலை ஏற்றம் கிடையாது. ஆனால் மந்திக் குட்டி ஒன்று திடீரென்று பாதையின் குறுக்கே பாயும்.

அடுத்து ஆசனத்தின் உயரம். உட்கார்ந்து, மிதிகட்டையைக் கீழே இறக்கி, அதன்மேல் குதிகாலை வையுங்கள். முழங்கால் கிட்டத்தட்ட நேராக நீள வேண்டும். பெரும்பாலானோர் ஆசனத்தை மிகவும் தாழ்த்தி வைத்துக்கொள்கிறார்கள். கால் தரையில் முழுதாக ஊன்றினால் பாதுகாப்பு என்ற எண்ணம். மதியத்துக்குள் முழங்கால் வலிக்கத் தொடங்கிவிடும்.

பிறகு டயர். கட்டைவிரலால் அழுத்தினால் மெல்ல மட்டும் அமுங்க வேண்டும். அதோடு டயரின் பக்கவாட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள். கடைசியாகப் பூட்டு. சாவியை ஒரு தடவை போட்டுத் திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள்.

பாஸ்போர்ட்டை ஈடாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். காலையில் டிக்கெட் கவுண்டரில் அது தேவைப்படலாம். பிரதி ஒன்றைக் கொடுங்கள், அல்லது கொஞ்சம் முன்பணம் கொடுங்கள். விடுதிக்காரரின் தொலைபேசி எண்ணைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். காற்றுப் பம்பும் இருந்தால் கேட்டு வாங்குங்கள். ஒரு தடவை வடக்குக் கோடியில் தாமரைக் குளத்தருகே என் மச்சானின் பின்சக்கரத்தில் முள் ஏறிவிட்டது. பம்பும் இல்லை, எண்ணும் இல்லை. பகல் பதினொரு மணி வெயிலில் நாலு கிலோமீட்டருக்கு மேல் உருட்டிக்கொண்டே வந்தோம்.

4. காலில் என்ன, பையில் என்ன

சப்பாத்து வேண்டாம். ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு தடவை கழற்றிப் போட வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் குனிந்து லேஸ் அவிழ்த்துக் கட்டுவதிலேயே பொறுமை போய்விடும். சாதாரண ரப்பர் செருப்பும் சரிவராது, வியர்த்த காலோடு மிதிக்கும்போது வழுக்கும். பின்பட்டி உள்ள சாண்டல்தான் இதற்குச் சரி.

ஒரு சோடி தடித்த காலுறை எடுத்துக்கொள்ளுங்கள். காலுறையோடு நடப்பதை யாரும் தடுப்பதில்லை. சுடுகல்லில் நடக்க அதைவிட வேறு வழியில்லை. செருப்பைப் போட்டுக்கொள்ள ஒரு துணிப்பையும் வேண்டும். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும் இடங்கள் இருப்பதால், செருப்பைத் தேடித் திரும்பி நடக்காமல் கூடவே கொண்டுபோகலாம்.

உடை தோளையும் முழங்காலையும் மூட வேண்டும். இது கண்டிப்பாகப் பார்க்கப்படும். புத்தர் படம் போட்ட சட்டையைத் தவிருங்கள். வணங்கும் இடங்களில் தொப்பியையும் கழற்ற வேண்டும், அதனால் வெயிலுக்குத் தொப்பியை மட்டும் நம்பாமல் கழுத்துக்கு ஒரு துணி வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லீட்டராவது. சாப்பாட்டுப் பொருளைச் சைக்கிள் கூடையில் வைத்துவிட்டுப் போகவே கூடாது. இங்கே செங்குரங்கும் மந்தியும் ஏராளம். பொலன்னறுவைக் குரங்குகளை ஆராய்ச்சியாளர்கள் 1968 முதல் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். மனிதர்களின் பையை எப்படித் திறப்பது என்பது அவற்றுக்கு நன்றாகவே தெரியும். கூடை காலியாக இருந்தால் சைக்கிளைத் திரும்பியும் பார்க்காது.

5. அதே மாலை: குளக்கட்டு ஓட்டம்

சைக்கிளைச் சோதிக்க இதைவிட நல்ல பாதை கிடையாது. பராக்கிரம சமுத்திரம் என்ற பெருங்குளத்தின் கட்டு நீளமானது, தட்டையானது. மாலையில் குளத்துக் காற்று முகத்தில் அடிக்கும்.

கட்டோடு தெற்கே ஒன்றரை இரண்டு கிலோமீட்டர் போனால் பொத்குல் வெஹெர என்ற பழைய விகாரையின் இடிபாடு வரும். அதன் அருகில், பாறையில் செதுக்கிய தாடிக்காரர் ஒருவரின் சிலை நிற்கிறது. உயரம் 3 மீட்டருக்கு மேல். பராக்கிரமபாகு மன்னர் என்பார் சிலர், முனிவர் என்பார் சிலர். கையில் இருப்பது ஏடா நுகமா என்பதிலும் இதே வாதம்தான். கிட்டப் போய் அந்தக் கைகளைப் பாருங்கள், ஏன் முடிவாகவில்லை என்பது புரியும்.

திரும்பும் வழியில் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில், குளக்கரையில் நிசங்கமல்ல மன்னனின் அரண்மனைப் பகுதி இருக்கிறது. அரசவை மண்டபத்தின் தூண்களில் யார் யார் எங்கே அமர வேண்டும் என்று பொறித்திருக்கிறார்கள், சிங்க ஆசனமும் அங்கே உண்டு. இந்த இரண்டு பகுதிகளும் மறுநாள் டிக்கெட் பார்க்கும் பிரதான வேலிக்கு வெளியே இருப்பவை. அதனால்தான் இவற்றை முதல் மாலைக்கு ஒதுக்குகிறேன், டிக்கெட் நாளின் நேரம் மிஞ்சும்.

இருட்டும் முன் அறைக்குத் திரும்பிவிடுங்கள். ஹபரணைப் பக்கமான பெரிய வீதியில் மாலைக்குப் பிறகு எந்தக் காரணத்துக்காகவும் சைக்கிள் ஓட்ட வேண்டாம். மின்னேரிய காட்டு யானைகள் அந்த வீதியைக் கடக்கும்.

6. காலை: டிக்கெட், நேராகத் தளதா மலுவ

ஏழு மணியளவில் அருங்காட்சியகத்தருகே இருக்கும் கவுண்டருக்குப் போய்விடுங்கள். இலங்கையர் அடையாள அட்டையையும் வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டையும் கையில் வைத்திருங்கள். உள்ளே பல இடங்களில் டிக்கெட்டைக் காட்டச் சொல்வார்கள். சட்டைப்பையில் வைத்தால் பத்து மணிக்குள் வியர்வையில் ஊறிக் கிழிந்துவிடும். சின்ன பிளாஸ்டிக் உறை ஒன்றில் போட்டுக்கொள்ளுங்கள். வேலிக்கு வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடுவார்களா என்பதையும் வாயிலிலேயே கேட்டுவிடுங்கள். அனுமதி கிடையாது என்று வைத்துக்கொண்டுதான் நான் திட்டம் போடுவேன், மதியச் சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோவேன்.

வாயிலைத் தாண்டியதும் அரண்மனை கண்ணில் படும். நிற்காதீர்கள். புதியவர்களுக்கு இந்த இடத்தில்தான் மனம் இழுக்கும். அரண்மனையில் செருப்போடு நடக்கலாம், அது மதியத்துக்கு. நேராகத் தளதா மலுவ மேடைக்குப் போங்கள்.

மேடையில் முதலில் வட்டதாகே என்ற வட்ட வடிவத் தாதுமனை. வாசற்படியில் கிடக்கும் சந்திரவட்டக்கல்லை மிதிக்காமல் ஒதுங்கி ஏறுங்கள். ஏறுவதற்கு முன் குனிந்து அதன் வளையங்களைப் பாருங்கள். அன்னம், யானை, குதிரை, கொடி எல்லாம் இருக்கும். அநுராதபுரத்துக் கல்லில் இருக்கும் எருது இங்கே இருக்காது.

அப்புறம் கல்பொத, 8 மீட்டருக்கு மேல் நீளமான கல் ஏடு. நிசங்கமல்லன் தன் பெருமையை எழுதி வைத்தது. முடிவில் ஒரு ஓரத்தில் யானைகள் நீர் சொரியும் சிற்பம் உண்டு, பலர் அந்த ஓரம் வரை போவதில்லை.

தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் தவறவிடக்கூடாதது, இதே முற்றத்தில் நிற்கும் வேளைக்காரப் படையினரின் கல்வெட்டு. புத்தரின் தந்தத்தாது இருந்த கோயிலைக் காப்பதாகத் தமிழ்ப் படையினர் தமிழில் எழுதிக் கொடுத்த உறுதிமொழி. இதைக் காலையில் பார்ப்பதற்கு வெயிலைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கிறது. சாய்ந்த வெளிச்சத்தில்தான் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். கல்லுக்கு நேர் எதிரே நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் நின்று, வரியோடு கண்ணை ஓட்டுங்கள். முதலில் வெறும் கீறலாகத் தெரியும். பிறகு ஒரு ‘க’, ஒரு ‘ன’ பிடிபடும். நடுநடுவே கிரந்த எழுத்தும் வரும். ஒன்பது மணிக்கு மேல் வெளிச்சம் உச்சிக்கு ஏற ஏற எழுத்து மறைந்துகொண்டே போகும். நான் இங்கே கூட்டி வந்த ஒரு சித்தி, ஒரு சொல்லை முழுதாக வாசித்துவிட்டு அரை மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அந்த அரை மணி நேரத்துக்கு இடம் வைத்தே திட்டம் போடுங்கள்.

7. கல் விகாரை, ஒன்பது மணிக்குள்

முற்றத்திலிருந்து வடக்கே சுமார் 2 கிலோமீட்டர். வழியில் ரன்கொத் வெஹெர என்ற தாதுகோபம், லங்காதிலக என்ற சிலைமனை இரண்டும் வரும். அவற்றைத் தாண்டிப் போங்கள், திரும்பும்போது பார்க்கலாம்.

ஒரே பாறையில் நான்கு புத்தர் சிலைகள்: தியானத்தில் அமர்ந்த பெரியது, குகைக்குள் அமர்ந்த சிறியது, ஏறத்தாழ 7 மீட்டர் உயரத்தில் நிற்பது, 14 மீட்டர் நீளத்தில் சாய்ந்திருப்பது. சாய்ந்த சிலையின் தலையணையைக் கவனியுங்கள். தலையின் பாரத்தில் அது அமுங்கியிருப்பது போலவே கல்லைச் செதுக்கியிருக்கிறார்கள். பாறையின் கருங்கோடுகள் முகத்தின் மேலாகவே ஓடுகின்றன.

எதிரே உள்ள பாறையில் ஏறி உட்கார்ந்தால் நான்கையும் ஒன்றாகப் பார்க்கலாம். இதுதான் மதியத்தில் கால் பொசுக்கும் பாறை. ஒன்பது மணிக்கு உட்காரலாம், பன்னிரண்டுக்கு முடியாது.

சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்காதீர்கள். செல்ஃபியும் அதில் அடக்கம். காவலர்கள் உடனே சத்தம் போடுவார்கள். அதைவிட முக்கியம், பக்கத்திலேயே ஒருவர் கைகூப்பி நின்றுகொண்டிருப்பார்.

தண்ணீரை இங்கே நிரப்பிக்கொள்ளுங்கள். கடைகளில் செவ்விளநீர் கிடைக்கும், ஒன்று குடித்துவிட்டே புறப்படுங்கள். இதற்கு வடக்கே கடை கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

8. வடக்குக் கோடி

கல் விகாரையோடு திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். வடக்கே இன்னும் ஒன்றரை இரண்டு கிலோமீட்டர்தான், மர நிழல் உள்ள பாதை, வாகனமும் குறைவு. நாள் முழுவதிலும் சைக்கிள் ஓட்ட எனக்கு மிகவும் பிடித்த துண்டு இதுதான்.

முதலில் தெமள மகா சேய. காடு மூடிய குன்று போலத் தெரியும், உண்மையில் முடிக்கப்படாத பெரிய தாதுகோபம். பாண்டி நாட்டுப் போரில் பிடிபட்ட தமிழர்களைக் கொண்டு பராக்கிரமபாகு கட்டுவித்ததாக இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. ‘தெமள’ என்ற பெயர் அதனால் வந்தது. அடுத்து தாமரைக் குளம், எட்டிதழ்த் தாமரை ஐந்து அடுக்காக உள்ளே இறங்கும். இதன் பாதையோரம் முள் அதிகம். சைக்கிளைப் புல்லுக்குள் தள்ளாமல் பாதையிலேயே நிறுத்துங்கள்.

கோடியில் திவங்க சிலைமனை. உள்ளே மூன்று வளைவாக நிற்கும் புத்தர், சுவர்களில் மங்கிய ஓவியங்கள். வெயிலிலிருந்து நேராக நுழைந்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள், கண் பழகியதும் முகங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஃபிளாஷ் போடவே கூடாது.

9. திரும்பும் வழி: லங்காதிலக, கிரி வெஹெர, ரன்கொத் வெஹெர

இப்போது மணி பதினொன்றை நெருங்கியிருக்கும். இந்த நேரத்துக்கு லங்காதிலகதான் சரி. 17 மீட்டர் உயரமான இரண்டு சுவர்களுக்கு நடுவே நுழைகிறீர்கள், நிழல் கிடைக்கும். உள்ளே தலையில்லாத பெரிய புத்தர். பக்கத்திலேயே கிரி வெஹெர என்ற தாதுகோபம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டு நடக்கலாம்.

ரன்கொத் வெஹெரவின் தளம் சுடும். காலுறையைப் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது வெளியே நின்று பார்த்துவிட்டு நகருங்கள். முழுச் சுற்று வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்துக் கால் பொக்களித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சைக்கிளை எப்போதும் நிழலில் நிறுத்துங்கள். வெயிலில் விட்டால் ஆசனம் தொட முடியாதபடி சூடாகும், ஒட்டுப் போட்ட பழைய ட்யூப் காற்றை இழக்கும். பூட்டும்போது மரத்தோடு பூட்டுங்கள், தூணோடு ஒருபோதும் வேண்டாம். தரையில் தனியாக நிற்கும் சின்னக் கல்தூணும் இங்கே தொல்பொருள்தான்.

10. வானவன் மாதேவி ஈச்சரம்

மரத்தடியில் சாப்பிட்டுவிட்டு, குப்பையைப் பையில் கட்டிக்கொண்டு, இரண்டாம் இலக்கச் சிவன் கோயிலுக்குப் போங்கள். பிரதான பாதையிலிருந்து கிழக்கே ஒதுங்கி இருப்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். பொலன்னறுவை சனநாதமங்கலம் என்ற பெயரில் சோழர் கையில் இருந்த காலத்துக் கோயில் இது. ராசராசனின் அரசி வானவன் மாதேவியின் பெயரைத் தாங்கியது. இந்த ஊரில் முழுதாக நிற்கும் கட்டடங்களில் பழையதும் இதுதான்.

சிறிய கோயில். முழுக்கக் கல், முழு விமானமும் இருக்கிறது. அடித்தளத்தைச் சுற்றித் தமிழ்க் கல்வெட்டுகள். சுற்றிலும் நந்திகள். உள்ளே லிங்கம் இருக்கிறது, விளக்கேற்றிக் கும்பிடுகிறவர்களும் வருகிறார்கள். இடிபாடுதானே என்று செருப்போடு ஏறாதீர்கள். சின்ன இடம், நிழலும் உண்டு, மதியத்தில் வெறுங்காலோடு தாங்கலாம். வழியில் பபலு வெஹெர என்ற தாதுகோபம் இருக்கிறது, களைப்பாக இருந்தால் விட்டுவிடலாம்.

11. அரண்மனை, குமார பொக்குண

இனிச் செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. பராக்கிரமபாகுவின் அரண்மனையில் ஏறத்தாழ 3 மீட்டர் தடிப்புள்ள செங்கல் சுவர்கள் நிற்கின்றன. மேல்தள மரச்சட்டங்களைச் செருகிய குழிகள் சுவரில் வரிசையாகத் தெரியும். எதிரே அரசவை மண்டபம். அதன் அடித்தளத்தில் யானை வரிசை ஒன்று சுற்றிவர ஓடுகிறது, ஒரு யானையைப் போல் இன்னொன்று இல்லை. படியிறங்கினால் குமார பொக்குண என்ற குளியல் தடாகம். படி ஒடுக்கம், சைக்கிளை மேலேயே விட்டு இறங்குங்கள்.

வெளியேறும் முன் தளதா மலுவ அருகே இருக்கும் முதலாம் இலக்கச் சிவன் கோயிலையும் எட்டிப் பாருங்கள். 13ஆம் நூற்றாண்டு, பாண்டியர் பாணி. கற்களைச் சுண்ணாம்பு இல்லாமலே இழைத்துப் பொருத்தியிருக்கும் நேர்த்திக்காகவே பார்க்க வேண்டும்.

12. கடைசியில் அருங்காட்சியகம்

வேலிக்கு வெளியே இருப்பதால் இது கடைசியில் வருகிறது. முதலில் பார்த்தால் பெயர்கள் மனதில் நிற்காது. இடங்களைப் பார்த்த பிறகு, கட்டடங்கள் கூரையோடு எப்படி இருந்திருக்கும் என்று காட்டும் மாதிரிகளின் முன்னால் நின்றால், காலையில் வெறும் தூண்களாகப் பார்த்த வட்டதாகே கண் முன்னே எழும். சிவன் கோயில்களில் கிடைத்த வெண்கலத் திருவுருவங்கள் இருக்கும் அறைக்கு நேரம் ஒதுக்குங்கள். மூடும் நேரத்தைக் காலையில் டிக்கெட் வாங்கும்போதே கேட்டு வைத்திருந்தால், அரண்மனையில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்ற கணக்கு கையில் இருக்கும்.

சைக்கிளை வெளிச்சம் இருக்கும்போதே திருப்பிக் கொடுங்கள், இந்தச் சைக்கிள்களில் பெரும்பாலும் விளக்கு இருக்காது. டயரில் முள் ஏதாவது குத்தி நின்றால் நீங்களாகவே பிடுங்காமல் விடுதிக்காரரிடம் காட்டிவிடுங்கள். எந்த இடத்தில் ஓட்டை என்று தெரிந்தால் ஒட்டுப் போடுவது அவருக்குச் சுலபம், அடுத்த நாள் காலை அந்தச் சைக்கிளை எடுக்கிறவருக்கும் வழியில் நிற்க வேண்டி வராது.